தையலும் சந்தோஷமும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். பீஸ் ரேட், அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்று கூலி. பெரும்பாலும் லைனிங் ஜாக்கெட்தான். அப்பா புது மண்டபத்தில் மெஷின் போட்டிருந்தவர், அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். போன மாதம் எங்கள் சபைக்கு வந்த பாஸ்டர், "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனத்தை எடுத்து, வேலையில் சந்தோஷம் இல்லையென்றால் விசுவாசத்தில்தான் குறை என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா. காலையில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதாகிறது, இடுப்பு கழன்றுபோகிறது. முகூர்த்த மாதமென்றால் ஞாயிறு ஆராதனையும் போச்சு, கூலியும் சீசன் முடிந்துதான் கணக்கு. எப்போதாவது, ஒரு தோள் இறங்கின அம்மா ஒருவருக்கு அளவு ஜாக்கெட்டை நம்பாமல் நானே டேப் வைத்து அளந்து தைத்தேனே, அந்த மாதிரி நாளில் பரவாயில்லை. என் சித்தி மகள் முழுநேர ஊழியத்துக்குப் போய்விட்டாள், அவள் முகமே வேறாக இருக்கிறது. நானும் போய்விடலாமா? ஜாக்கெட் தைப்பதில் கர்த்தருக்கு என்ன இருக்கிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தை ஒரு தையல்காரியாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஆசாரியனாகப் போகிற ஆரோனுக்கு உடுப்பு தைக்கச் சொல்கிறார் கர்த்தர். தைக்கப்போகிறவர்களை ஞானத்தின் ஆவியால் தாமே நிரப்பியிருப்பதாகவும் சொல்கிறார். அப்புறம் நூலின் நிறம், அங்கியின் கீழ் ஓரத்தில் மாதுளம்பழ வேலைப்பாடு, இடையிடையே பொன்மணி என்று, விடாமல் சொல்கிற கஸ்டமர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறவர், அதற்கு நடுவில் 32-ஆம் வசனத்தில் கழுத்துக்கும் வருகிறார். தலை நுழைகிற துவாரத்தைச் சுற்றி நெய்த நாடா இருக்க வேண்டுமாம், கிழியாதபடிக்கு. கழுத்துதான் முதலில் கிழியும் என்பது உங்களுக்குத் தெரியும், கிராஸ் பீஸ் வெட்டிப் பட்டி வைத்து, வளைவில் சின்னச் சின்னதாகக் கத்தரி போட்டுத் திருப்புகிறவர் நீங்கள். மேகம் மூடின சீனாய் மலையில் நாற்பது நாள் மோசேயை நிறுத்திவைத்துப் பேசிய பேச்சில் இதுவும் ஒன்று. கழுத்துப் பட்டியைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை, பண்ணலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் தொற்காளும் இருக்கிறாள். யோப்பாவில் அவள் செத்துக் கிடக்கும்போது, வந்த பேதுருவைச் சுற்றி நின்று விதவைகள் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். அவள் எத்தனை கூட்டத்தில் சாட்சி சொன்னாள் என்று அங்கே யாரும் பேசவில்லை.

சரி, பாஸ்டர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதமில்லை. கொலோசெயருக்குப் பவுல் எழுதின நிருபத்தில் அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது? அடிமைகளுக்கு. பிடிக்கவில்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்ற வழியே இல்லாத ஆட்கள். அவர்களிடம் பவுல் 'சந்தோஷமாக இருந்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் உன் விசுவாசம் பொய்' என்று சொல்லவில்லை. எஜமான் பார்க்கிறானே என்பதற்காகச் செய்யாதீர்கள், உங்கள் பலன் கர்த்தரிடத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னார். அதே மூச்சில், நான்காம் அதிகாரம் முதல் வசனத்தில், எஜமான்கள் பக்கம் திரும்பி, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்கிறார். நம் கூட்டங்களில் அந்த 'மனப்பூர்வமாய்' வசனத்தைச் சத்தமாக வாசிக்கிறவர்கள் இங்கே வரும்போது பைபிளை மூடிவிடுகிறார்கள். (முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.) அன்றன்றைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடு என்று உபாகமம் 24 சொல்கிறது. சீசன் முடிந்து கணக்குப் பார்க்கிற முதலாளியிடம் வாராவாரம் கேட்பது முணுமுணுப்பு ஆகாது.

ஏதேன் தோட்டத்தில் பாவம் வருவதற்கு முன்பே மனுஷனுக்கு வேலை கொடுக்கப்பட்டது. முள்ளும் வியர்வையும் அப்புறம் வந்தவை. இரண்டும் உங்கள் மெஷினில் கலந்து கிடக்கின்றன. இடுப்பு வலிக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் ஸ்டூல் உயரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

சந்தோஷம் என்று ஒன்று தனியாக வந்து இறங்கும் என்று நீங்கள் காத்திருப்பதாகப் படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைத் துறவி இருந்தார், மடத்துச் சமையலறையில் வருஷக்கணக்காக வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பிடிக்காத வேலையைச் செய்துகொண்டே, சட்டி பானைகளுக்கு நடுவில் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார். வேலை பிடித்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடவில்லை. நீங்கள் அந்தத் தோள் இறங்கின அம்மாவை ஒரு வரியில் எழுதிவிட்டு, 'பரவாயில்லை' என்று தாண்டிப் போய்விட்டீர்கள். அளவு ஜாக்கெட்டை வைத்து அடித்துக் கொடுத்திருந்தால் அதே கூலிதான் வந்திருக்கும். எழுந்து டேப்பை எடுத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் மனப்பூர்வம் என்று பவுல் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எல்லா ஜாக்கெட்டும் அப்படி அமையாது. பத்தில் ஒன்பது வெறும் ஜாக்கெட்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு இருந்தால் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தையலிலிருந்து தப்பிக்கப் போகாதீர்கள், அங்கேயும் இடுப்பு வலிக்கும். பவுலே கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் பண்ணிக்கொண்டுதான் பிரசங்கித்தார்.

ஞாயிறு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பது ஓய்வுநாள் கட்டளையிலேயே இருக்கிறது. தனியாகப் போய்க் கேட்டால் 'சர்ச்சுக்குப் போகணுமாக்கும்' என்று முடித்துவிடுவார்கள். கடையில் இருக்கிற மற்றவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் வேண்டும்தானே, அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள். முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள், ஆர்டர் குவிந்த பிறகு காது கேட்காது. முதலாளி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.