பெங்களூரில் பள்ளிக் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிள்ளையின் கைரேகை கேட்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகள் நாலாம் வகுப்பு, தனியார் பள்ளி. ஜூனிலிருந்து கேன்டீனில் காசு வாங்க மாட்டார்கள். விரலை வைத்தால் கணக்கில் கழியும். படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது. போடலாம், ஆனால் இந்தப் படிவத்தில் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது அரைப்பக்கம். இருக்க வேண்டியவை பல அதில் இல்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் இந்தக் கருவியை விற்பவன் இல்லை, கைரேகை என்றதும் கொடி பிடிப்பவனும் இல்லை. "ஆதாருக்கே பத்து விரலும் கொடுத்தாச்சு, இதுல என்ன" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் கீழே வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

எல்லோரும் பயப்படுவது ஹேக்கர்களுக்கு. ஆனால் முதல் வாரத்திலேயே உதைப்பது க்யூதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே இடைவேளையில் கேன்டீனுக்கு வருவது 600 பிள்ளைகள், இடைவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். சாப்பிட 20 நிமிடம் விட்டால் வரிசைக்கு மிச்சம் 20. விரல் வைத்து, திரையில் படம் வந்து, தட்டு நகர 5 விநாடி. 600 பேருக்கு 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம். ஒரே ஒரு கருவி என்றால் கதை முடிந்தது. மூன்று இருந்தால் 17 நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் நூற்றுக்கு ஐந்து பேருக்கு விரல் விழவில்லை என்று வையுங்கள்; 30 பிள்ளைகள். துடைத்து, மறுபடி வைத்து, வேறு விரல் பார்த்து, ஆளுக்கு அரை நிமிடம் கூடினால் 900 விநாடி. மூன்று வரிசைக்கும் பங்கு போட்டாலும் ஐந்து நிமிடம் ஏறி, 22 நிமிடம் ஆகிவிடும். அதனால் விரல் விழாத பிள்ளை அதே வரிசையில் நிற்கக் கூடாது. ஒரு தடவை, இரண்டு தடவை, அதற்கு மேல் பக்கத்து மேசைக்கு அனுப்பிப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு தட்டைக் கொடுத்துவிட வேண்டும். "விரல் விழாவிட்டாலும் சாப்பாடு உண்டு, அந்த நிமிடமே உண்டு" என்ற ஒரு வரி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் முக்கியம்.

விரல் ஏன் விழாது? சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொல்கிறோம், முதல் காரணமே அதுதான். ஈரக் கையை வைத்தால் ரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகப் பதியும். சானிடைசர் காய்வதற்குள் வைத்தாலும் அதே கதை. மார்கழி, தையில் பெங்களூரின் வறட்டுக் குளிருக்குத் தோல் வெடித்தால் நேர் எதிர்: ரேகை துண்டு துண்டாக விழும். அதற்கு ஆதார் மையத்தில் செய்வதுபோல விரலை நெற்றியில் ஒரு தேய் தேய்த்தால் போதும், அந்த எண்ணெய்ப் பசை வேலையைச் செய்துவிடும். கிராஃப்ட் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் ஃபெவிகாலைக் கையில் பூசி உரித்து விளையாடியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் விரலில் மிச்சம் இருக்கும். புதிதாக வைத்த மருதாணி ஒளியால் படிக்கும் சென்சாரைக் குழப்பும். ஜன்னல் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தாலும் குழப்பும்; கருவியை ஒரு முழம் நகர்த்தி வைத்தாலே சரியாகிவிடும், ஆனால் அது யாருக்கும் தோன்றாது. போர்வெல், டேங்கர் தண்ணீரில் கழுவிய கை சொட்டச் சொட்ட வந்தால் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு வேறு படியும். கருவியைத் துடைக்க உலர்ந்த மென்துணி போதும். சானிடைசரை நேராகக் கண்ணாடியில் அடிக்கக் கூடாது.

இன்னொன்று, உயரம். பெரியவர்களுக்குக் கட்டிய மேசையில் கருவியை வைத்தால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எக்கி நின்று விரல் நுனியை மட்டும்தான் வைக்கும். ரேகையின் சுழி நுனியில் இல்லை, நடுச் சதையில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கான கருவியைத் தரையிலிருந்து 75, 80 சென்டிமீட்டர் உயரத்தில், கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். பாதிப் புகார் அதிலேயே போய்விடும்.

பதிவு செய்யும் நாளில் அவசரப்பட்டால் அந்த வருடம் முழுக்க அனுபவிக்க வேண்டும். இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல், ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டினால் மற்றது இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் நல்லது, பரப்பு அதிகம். பிள்ளை வளர வளர ரேகைகளின் இடைவெளியும் விரியும்; அதனால்தான் ஆதாரிலேயே ஐந்து வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை, ஐந்திலும் பதினைந்திலும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஒவ்வொரு ஜூனிலும் மறுபதிவு வேண்டும். அதற்கு யார் பணம் கட்டுவது என்பதையும் இப்போதே கேளுங்கள்.

இப்போது அடையாளம் காணும் முறை. விரலை மட்டும் வைத்து, பள்ளி முழுக்கப் பதிந்த, உதாரணத்துக்கு 1,500 பேரில் இது யார் என்று தேடுவது ஒரு வகை. முதலில் எண்ணைத் தட்டிவிட்டு, அந்த ஒருவரின் ரேகையோடு மட்டும் ஒப்பிடுவது இன்னொரு வகை. விற்பவர்கள் முதல் வகையைத்தான் காட்டுவார்கள், பார்க்க மாயம் மாதிரி இருக்கும். "தப்பாகப் பொருந்த லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு" என்பார்கள். அது ஒரு ஒப்பீட்டுக்கு. 1,500 பேரோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு தேடலிலும் நூற்றுக்கு ஒன்றரை. சொந்த ரேகை தெளிவாக இருந்தால் அதுவே முந்திவிடும். தெளிவில்லாத விரலுக்குத்தான் ஆபத்து, உங்கள் மகளின் தோசை இன்னொரு பிள்ளையின் கணக்கில் ஏறும். வகுப்பையும் ரோல் நம்பரையும் தட்டச் சொன்னால் இரண்டு விநாடி கூடும், இந்தத் தொல்லை அநேகமாக ஒழியும். திரையில் பெயரோடு பிள்ளையின் படமும் பெரிதாக வர வேண்டும். கல்லாவில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. நம் பிள்ளைகளுக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரை அதில் போட்டால் திரையில் அப்பா பெயர்தான் கொட்டையாக நிற்கும். ஆறு வயதுப் பெண்ணை "சுப்பிரமணியன்" என்று கூப்பிடுவார்கள். இனிஷியலை மட்டும் போட்டால் ஒரே வகுப்பில் மூன்று "ஸ்ரீராம் எஸ்". அக்காவுக்கு விரித்தெழுதி, தம்பிக்கு இனிஷியலோடு விட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கணினி ஒத்துக்கொள்ளாது, பொதுக் கணக்கும் இணையாது. தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்ற ஒருவருக்கும் மனசு வரவில்லை. போகட்டும். பதிவு நாளில் பெயரைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு. "படமே சேமிப்பதில்லை, வெறும் எண்கள்தான்" என்பார்கள். பாதி உண்மை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் எடுத்து வைக்கிறார்கள். சில நூறு பைட்டுதான் வரும். ஆனால் அந்தப் புள்ளிகளிலிருந்து ரேகைப் படத்தைத் திரும்ப வரைய முடியும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-லேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆகவே புள்ளிகளும் பூட்டி வைக்க வேண்டிய பொருள்தான். "ஆதாருக்கே கொடுத்தாச்சு" என்பவர்களுக்கான பதிலும் இதுவே: ஆதாருக்கு ஒரு சட்டம் இருக்கிறது, விரும்பினால் பயோமெட்ரிக்கைப் பூட்டவும் வழி இருக்கிறது. கேன்டீன் ஒப்பந்தக்காரரின் மேசைக்கடியில் இருக்கும் கணினிக்கு என்ன இருக்கிறது? பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. படிவத்தில் ஆதார் எண் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடியுங்கள். சாம்பார் சாதத்துக்கு அது தேவையில்லை.

இந்த முறை நன்றாக வேரூன்றியது பிரிட்டனில். அங்கே அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நியாயமானது: இலவச உணவு பெறும் பிள்ளை யார், காசு கொடுப்பவர் யார் என்று வரிசையில் தெரியாது. நம் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு எல்லோருக்கும் இலவசம், அங்கே கழிக்கக் கணக்கே இல்லை. பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 செப்டம்பரிலிருந்து, பெற்றோரில் ஒருவராவது எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இன்னொருவர் மறுத்தால் முடியாது. இருவரும் சம்மதித்தும் பிள்ளை மாட்டேன் என்றால் அத்துடன் சரி. மாற்று வழியும் கட்டாயம். போலந்தில் கிடான்ஸ்க் நகரப் பள்ளி ஒன்றில் மாற்று வழி இருந்தது, ஆனால் ரேகை தராத பிள்ளைகள் வரிசையின் கடைசியில் காத்திருக்க வேண்டும் என்று விதி. 2020-இல் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் அபராதம் போட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. உங்கள் பள்ளி "கார்டும் உண்டு" என்றால், கார்டு வைத்திருப்பவர் எங்கே நிற்பார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

இங்கே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் கேட்கிறது, கொடுத்த எளிமையிலேயே சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதுவரை பள்ளி தரும் தாள்தான் உங்கள் ஆயுதம். "பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்" என்ற வரி இருந்தால் அன்றே பதில் அனுப்புங்கள்.

காசு விஷயம் யாரும் பேசுவதில்லை. குறைந்தபட்ச டாப்-அப் 500 ரூபாய் என்றால் 1,500 பிள்ளைகளுக்கு ஏழரை லட்சம், வட்டியில்லாமல் யாரோ ஒருவர் கையில். பள்ளிக் கணக்கிலா, ஒப்பந்தக்காரர் கணக்கிலா? ஒரே இடத்தில் மட்டும் செலவாகும் இந்த மாதிரி வாலட்டுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. ஆக, நடு வருடத்தில் ஒப்பந்தக்காரர் மாறினால் மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்க வேண்டும். தினசரி வரம்பு, வேர்க்கடலை ஒவ்வாமை, முட்டை வேண்டாம் போன்றவற்றைப் பதிய முடிந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். உண்மையான லாபம் அதில்தான், அதைக் கார்டிலும் செய்யலாம். நாலாம் வகுப்புக்கு நானாக இருந்தால் கார்டைத்தான் கேட்பேன். தொலைந்தால் பழையதை முடக்கிப் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

விரல்தான் என்று முடிவானால் டிசி வாங்கும் நாளையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: இத்தனை நாளுக்குள் ரேகைப் புள்ளிகள் அழிக்கப்படும், பேக்கப்பிலும் கருவியின் உள்நினைவிலும் சேர்த்து, அழித்ததற்கு மெயில் வரும் என்று. கருவியின் உள்நினைவை எல்லோரும் மறப்பார்கள். சர்வரில் அழித்துவிட்டு, பழைய கருவியை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடுவார்கள்.