புளிக்காத பால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தாத்தா காலத்தில் பாலும் வெண்ணெயும் சுத்தமாக இருந்தன. இன்று குழந்தைக்குப் பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது. வீட்டிலேயே கலப்படத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

குழந்தையை நினைத்து வரும் பயம் எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் 'தாத்தா காலம்' பேச்சை விடுங்கள், கோபம் வருகிறது. 1918-லேயே சென்னை மாகாணத்தில் கலப்படத் தடுப்புச் சட்டம் போட்டார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் சட்டம் எதற்கு?

சரி, வழி கேட்டீர்கள். ஆறிய பாலில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. மற்றதெல்லாம் அவ்வளவு சுலபமில்லை.

சில நாளாக ஹார்வி வைலி நினைவாகவே இருக்கிறேன். அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர். 1902 இறுதியில், வாஷிங்டனில் தன் அலுவலகத்தின் அடித்தளத்தில் 12 இளைஞர்களை உட்காரவைத்து, போராக்ஸ் கலந்த சாப்பாடு போட்டார். அன்று கடைச்சரக்கு கெடாமலிருக்கப் போராக்ஸ்தான் போடுவார்கள். தெரிந்தே வந்த பிள்ளைகள் அவர்கள். முதலில் அதை வெண்ணெயில் ஒளித்தார். கொஞ்ச நாளில் எல்லோரும் வெண்ணெயை மட்டும் ஒதுக்கினார்கள். பாலிலும் காபியிலும் போட்டுப் பார்த்தார், அதையும் ஒதுக்கினார்கள். கடைசியில் கேப்சூலில் அடைத்துத்தான் கொடுக்க முடிந்தது.

நாக்கு காப்பாற்றும் என்று இதை வைத்து நினைத்துவிடாதீர்கள். பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலினையும் அன்று அங்கே பாலில் ஊற்றினார்கள். வைலியின் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டு நோயில் விழ, சோதனையைப் பாதியில் நிறுத்தினார். 1906-ல் அமெரிக்காவில் உணவுக் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்ததற்கு அந்த வயிறுகளுக்கும் பங்குண்டு. ஆய்வகத்தில், இரும்பு உப்பு துளி சேர்த்த கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக விட்டால், ஃபார்மலின் பாலுக்கு அடியில் ஊதா வளையம் தெரியும். வீட்டில் அமிலத்தைத் தொடாதீர்கள். அங்கே தெரிவதெல்லாம் பால் புளிக்கவில்லை என்பதுதான். புளிக்காத பாலை யார் சந்தேகப்படுவார்கள்?

எங்களுக்குப் பால் ஊற்றியவரை அம்மா தெருவெல்லாம் புகழ்வாள். சித்திரை வெயிலிலும் திரியாத பால். ஒருநாள் இரவு உறை ஊற்றி மூடிவைத்தாள். காலையில் தட்டை எடுத்தால் பால் பாலாகவே கிடந்தது. மறுநாளும் அப்படியே. பக்கத்து வீட்டில் வாங்கிய உறைமோரைத் திட்டிவிட்டு, அந்தப் பாலையே காய்ச்சிச் சர்க்கரை போட்டு இரண்டு வயதுத் தம்பிக்குப் புகட்டினாள்.

நீங்களும் உறை ஊற்றிப் பாருங்கள், ரா. மோரை மாற்றியும் உறையாவிட்டால் பாலைக் கீழே ஊற்றுங்கள்.