குன்னூருக்கு எட்டிய சிற்றலை

கே: சென்னைக்கு வானொலி வந்தது 1924 என்கிறார் ஒருவர், 1938 என்கிறார் இன்னொருவர். எது சரி? அப்போது நீலகிரியில் கேட்டிருக்குமா? (வாசகர், குன்னூர்)

ப: இரண்டும் சரி. 1924-ல் ஒலிபரப்பியது மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 40 வாட் ஒலிபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு. பணமுடையால் 1927-ல் கிளப் கடையைக் கட்டியது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930-ல் ஒலிபரப்பு மறுபடி தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது 1938 ஜூன் 16 அன்று.

அந்த நிலையத்தில் இரண்டு கருவிகள்: மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) 250 வாட், சிற்றலைக்கு (ஷார்ட் வேவ்) 10 கிலோவாட். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். 250 வாட் நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் போதும். குன்னூரோ 400 கி.மீ.க்கு மேல். சிற்றலை அப்படியல்ல. மேலே போய், வானில் உயரே மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு இறங்குவதால் மலைத்தொடர் அதை மறிப்பதில்லை. ஆகவே அன்று நீலகிரிக்காரர் சென்னையைப் பிடிக்கச் சிற்றலைப் பட்டை உள்ள செட்டும், வெளியே உயரக் கட்டிய நீளமான ஏரியல் கம்பியும் வேண்டும். மின்சாரம் எட்டாத எஸ்டேட்டில் பேட்டரி செட்தான். 1939 மே 16-ல் திருச்சி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையோடு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் இலகுவானது. அது இங்கிருந்து சுமார் 200 கி.மீ.தானே!

கே: மதுரையில் அக்கா வீட்டில் கொடைக்கானல் பண்பலை கணீரென்று கேட்கிறது. மேல்மலையில் எங்கள் வீட்டில் வெறும் இரைச்சல். இது என்ன நியாயம்? (வாசகர், கொடைக்கானல் மேல்மலை)

ப: பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரம் சமவெளியைவிடச் சுமார் 2,000 மீட்டர் உயரம். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கி.மீ.யில் வரும்: ஏறத்தாழ 183. மதுரை அதற்குள் அடக்கம். உங்கள் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு மேடு நின்றால் பத்து கி.மீ. கூடத் தூரம்தான். எதிர்ச் சரிவில் பட்டுத் தாமதமாக வரும் அலையும் சேர்ந்துகொண்டால் 'ஸ', 'ச' ஒலிகள் கிழிந்து கேட்கும்.

நீங்களே ஓர் ஏரியல் கட்டிப் பாருங்கள். கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு 71 செ.மீ. அலுமினியக் குழாய் இரண்டு எடுங்கள். பிளாஸ்டிக் துண்டில் 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரே கோட்டில் பொருத்துங்கள். கேபிள் டிவி வயரின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, சுற்றுவலை மற்றதற்கு. தகரக் கூரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது மேலே தூக்குங்கள். கூரை பக்கத்தில் இருந்தால் அலை கெடும். குழாய்களின் பக்கவாட்டு கோபுரத்தைப் பார்க்கட்டும். தேறாவிட்டால் எதிர்ச் சரிவைப் பார்க்கத் திருப்புங்கள், பல இடங்களில் அதுதான் கைகொடுக்கும். படுக்கை, நெடுக்கு இரண்டையும் சோதியுங்கள். பூஸ்டர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இடி இடிக்கும்போது வயரைக் கழற்றிவிடுங்கள்.

கே: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் கிடக்கிறது. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

ப: வேண்டவே வேண்டாம். மலை ஈரம் பேப்பர் கெபாசிட்டர்களுக்குள் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்புகள்) இறங்கியிருக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட் என்ற முனைக்குப் போகும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தால் வால்வு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். முதலில் அதை அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டராக மாற்றச் சொல்லுங்கள். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுக்கலாம் (எல்இடி உதவாது). பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டில் சேசிஸே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். பின்மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபில்டர் கெபாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் கை வைக்காதீர்கள்.