மச்சாள் தந்த மா ரின்னைத் திறக்காதீர்கள் அம்மா

மாங்குளம் பக்கத்திலிருந்து 66 வயது அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு. உயரம் அஞ்சடி, நிறை 74 கிலோ. முழங்கால் வலியால குசினிக்குள்ள நிக்கேலாமல் கிடக்கு. கிளினிக்கில 'நிறையைக் குறையுங்கோ' எண்டு மட்டும் சொல்லுகினம். மச்சாள் ஒரு மா ரின் கொண்டுவந்து, இரவுச் சாப்பாட்டை விட்டுட்டு இதைக் கரைச்சுக் குடிச்சால் மாதம் பத்துக் கிலோ குறையும் எண்டுறா. குடிக்கலாமோ?"

வேண்டாம் அம்மா. மாதம் பத்துக் கிலோ குறைந்தால், போவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். இந்த வயதில் போன தசையைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. தசை போனால் கால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். உங்களுக்கு இப்போதைக்கு 4 கிலோ போதும், அதையும் மூன்று நான்கு மாதத்தில் குறைத்தால் சரி. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

ரின் விற்பவர்கள் பலர் கெட்டவர்களல்ல. தாங்களும் காசு கட்டிச் சேர்ந்தவர்கள், போட்டதை எடுக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள். ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடை. ஆனாலும் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றால் யார் சட்டம் பார்க்கிறார்கள்? மெலிவுத் தேயிலை என்று வருவதில் பெரும்பாலும் பேதி இலைதான் இருக்கும், அதில் குறைவது உடம்புத் தண்ணீர். மூலிகை என்று விற்ற மெலிவுக் குளிசைகளில் சிபுற்றமின் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இலேயே விற்பனையிலிருந்து எடுத்த மருந்து அது. முழங்கால் வலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் தூளையும் தொடாதீர்கள். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் வலி சட்டென்று நிற்கும். அப்புறம் முகம் ஊதும், சீனி ஏறும், நிறையும் கூடும்.

இனி நான் சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள். கிளினிக் கொப்பியில் உங்கள் சீனிக் குளிசையின் பெயரைப் பாருங்கள். மெற்போமின் மட்டும் என்றால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும் பயம் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலின் ஊசியோ இருந்தால், இரவுச் சாப்பாட்டை விடவே கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. நடுச்சாமத்தில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி, பேச்சுக் குழறும். தனியாகப் படுத்திருப்பவருக்கு அது உயிராபத்து. அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிப் போனவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள், குளிசையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம்.

விடிய ஆறு மணிக்கே வரிசையில் நின்றவருக்கு ஒரு நிமிடம், அதில் "நிறையைக் குறையுங்கோ" என்று ஒரு வசனம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எதைக் குறைப்பது என்று இருந்து கதைக்க ஓர் ஆளை வைக்காத இடத்தைத்தான் மா ரின் வந்து நிரப்புகிறது.

சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது தேத்தண்ணி. நாளுக்கு ஐந்து தரம், இரண்டு கரண்டி வீதம் சீனி போட்டால் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடும். கிழமைக்குக் கிழமை அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாலும் அதே கதைதான். புட்டு ஒரு நீத்துப்பெட்டி என்றால் அதில் பாதி போதும். குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் மாதான். மத்தியானம் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு, மிச்சம் குளத்து மீனோ முட்டையோ பருப்போ பயறோ. தசையைக் காப்பது இந்த மிச்சக் கால்வாசிதான், அதைக் குறைக்காதீர்கள்.

2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். கோப்பையில் சோறு மிஞ்சினால் மனம் கேட்காது, பேரப்பிள்ளை விட்டதையும் வழித்துச் சாப்பிடுவோம். அதனால் சமைக்கும்போதே ஒரு சுண்டு குறைத்துப் போடுங்கள்.

நடக்க முடியாவிட்டால், உறுதியான கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி, திரும்ப இருங்கள். காலையில் பத்து, பின்னேரம் பத்து. முதலில் ஐந்து முடிந்தாலும் சரி.

மாதம் ஒருமுறை, ஒரே தராசில் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் சாப்பாட்டில் ஒன்றும் மாற்றாமலே நான்கு கிலோ இறங்கியிருந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.