காது சொல்லும் இடத்தில் கட்

கேள்வி: கேமரா ஒரு பக்கம், காலர் மைக்கில் தனி ரெக்கார்டர் ஒரு பக்கம். தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதமாகச் சேர்கின்றன. அரை மணி நேரப் பேட்டியின் முடிவில் குரல் பின்தங்குகிறது. எங்கே தவறு?

பதில்: சேர்த்ததில் தவறில்லை. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால் 30 நிமிடத்தில் 36 மில்லிவிநாடி விலகும். விநாடிக்கு 25 ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. ஆக, ஏறக்குறைய ஒரு ஃபிரேம். அதற்குப் பல மடங்கு விலகினால் சந்தேகப்பட வேண்டியது மொபைலில் எடுத்த படத்தை. பல மொபைல்கள் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்கின்றன. எடிட்டிங்கில் ஏற்றும் முன்பே நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பேட்டியின் தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும் ஒரு முறை கைதட்டச் சொல்லுங்கள். கைகள் முதலில் தொடும் ஃபிரேமையும், வேவ்ஃபார்மில் (ஒலியை அலைக்கோடாகக் காட்டும் படம்) ஊசி போல எழும் கோட்டின் அடியையும் சேருங்கள், உச்சியை அல்ல. கடைசிக் கைதட்டல் எத்தனை ஃபிரேம் தள்ளி நிற்கிறதோ, அதுதான் விலகல். 3 ஃபிரேம் என்றால், யாரும் பேசாத மூன்று இடங்களில் ஒலியை வெட்டி, மீதியை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னுக்கு நகர்த்தினால் போதும்.

மென்பொருளே தானாகச் சேர்ப்பதை நம்புகிறவர்களுக்கு ஒன்று: அது கேமரா மைக்கில் பதிவான ஒலியோடுதான் ஒப்பிடுகிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கேமரா 14 மீட்டர் தள்ளி நின்றால் அந்த ஒலியே ஒரு ஃபிரேம் தாமதம். காலர் மைக் குரலை அதனோடு ஒட்டவைத்தால் அதுவும் தாமதமாகிவிடும். நல்ல வேளை, குரல் சற்றே பிந்துவதை நாம் பொறுத்துக்கொள்வோம்; மின்னலுக்குப் பிறகு இடி கேட்டே பழகிய காது. முந்தினால்தான் உடனே உறுத்தும்.

கேள்வி: பேச்சுக்கு இடையிலுள்ள மௌனங்களைத் தானாக வெட்டும் வசதியைப் பயன்படுத்துகிறேன். வார்த்தைகள் கடிபடுகின்றன.

பதில்: தமிழ்ப் பேச்சில் இது அதிகமாகவே நடக்கும். வாக்கியத்தின் முடிவில் வினைச்சொல் வருகிறது, குரல் இறங்குவதும் அங்கேதான். ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டிலும் கடைசி மெய் மெலிந்துபோகும். கருவி அதை மௌனம் என்று எண்ணி வெட்டினால் வந்தது ஆணா பெண்ணா என்றே தெரியாது. இன்னொன்று, ‘அப்பா’ என்று சொல்லிப் பதிவு செய்து வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள். உதடு மூடியிருக்கும் ‘ப்’ இருக்குமிடத்தில் கோடு கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கும். குறைந்தபட்ச மௌனத்தை 0.1 விநாடி என்று வைத்திருந்தால் கருவி வார்த்தையின் நடுவிலேயே கத்தி வைக்கும்.

குறைந்தபட்ச மௌனம் 0.5 விநாடி, பேச்சுக்கு முன் 3 ஃபிரேம், பின் 6 ஃபிரேம் மிச்சம். இப்படித் தொடங்குங்கள். ஒலி எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மௌனம் என்று கொள்ளும் எல்லைக்குப் பொதுவான எண் கிடையாது. அறையின் வெற்று இரைச்சல் மைனஸ் 50 டெசிபலில் இருந்தால், எல்லையை அதைவிட 6 டெசிபல் மேலே வைத்துப் பாருங்கள். வெட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். மூச்சு வாங்கும் ஓசைகளை எல்லாம் எடுத்துவிட்டால் பேசுகிறவர் இயந்திரம்போல ஆகிவிடுவார், சிலவற்றை விட்டுவையுங்கள்.

கேள்வி: பாட்டின் தாளத்துக்கு ஷாட்களை வெட்டினேன். முதல் சில கட்கள் சரி, பிறகு கட் முந்துகிறது. பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு.

பதில்: ஒரு தட்டுக்கு அரை விநாடி. 25 ஃபிரேமில் அது பன்னிரண்டரை. அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாதே! ஒவ்வொரு ஷாட்டையும் 12 ஃபிரேம் என்று வைத்து ஒட்டியிருப்பீர்கள். எட்டாவது கட்டில் 4 ஃபிரேம் முந்திவிடும். 12, 13 என மாற்றி மாற்றி வையுங்கள். அதைவிட, பாட்டை ஓடவிட்டுத் தட்டுகளில் மார்க்கர் போட்டு, ஒவ்வொன்றையும் வேவ்ஃபார்மின் ஊசிக்கு நகர்த்திவிட்டுப் பிறகு படத்தைத் தொடுவது நல்லது. பாட்டை நடுவில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

எல்லாத் தட்டிலும் வெட்டாதீர்கள், பத்து விநாடியில் சலித்துவிடும். நான்கு தட்டுக்கு ஒரு கட் போதும். கட்டை ஊசிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்பே வைத்தால் புதிய படத்தைக் கண் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். அதைவிட அழகு, கட் வேறெங்கோ இருக்க, பந்து தரையில் மோதும் ஃபிரேம் தட்டில் விழுவது.

கேள்வி: பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்?

பதில்: அலை பூஜ்ஜியக் கோட்டில் இல்லாதபோது வெட்டுகிறீர்கள். இரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேய, அடுத்தது எழுவது) போடுங்கள், போய்விடும்.