கோயில் வீணையைக் கச்சேரிக்கு இரவல் கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயிலில் பழைய தஞ்சாவூர் ஏகாண்ட வீணை (ஒரே மரத்தில் குடைந்தது) இருக்கிறது. கோலாலம்பூரில் கச்சேரி செய்யும் ஒருவர் இரவல் கேட்கிறார். கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். ஸ்ட்ராடிவேரியஸ் வயலின்களையே ஜப்பானின் நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் கலைஞர்களிடம் இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறது. ஆனால் வீணையின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: மெழுகு.

தந்தியை அழுத்தும் இடத்தில் குறுக்கே இருக்கும் 24 உலோக மெட்டுகளும் உட்கார்ந்திருப்பது கரி கலந்த மெழுகில்தான். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் மெழுகு இளகும், தந்தி அழுத்தத்தில் மெட்டு இறங்கும், சுருதி கலையும். பிறகு மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதிக்குப் பதிக்க, தெரிந்தவரைத் தேட வேண்டும். நம் ஊரில் அது லேசில்லை. ஆகவே போனட்டில் (காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில்) வைக்கவே கூடாது. ஏர்கோன் ஓடும் காரின் பின்சீட்டில், விடியற்காலையிலேயே கிளம்பட்டும். வழியில் சாப்பிட இறங்கினாலும் ஒருவர் வீணையோடு இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது இருவரும் சேர்ந்து உட்காருங்கள். சாரணித் தந்தியில் (வாசிக்கும் முதல் தந்தி) ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எங்காவது "கரகர" என்று இரைந்தால் அந்த மெட்டின் எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். திரும்பி வரும்போது அதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். குடம், யாளி முகம், பிரடைகளை (தந்தி முறுக்கும் முளைகள்) படமெடுத்தால் போதும். மெட்டுக்கு ஒலிப்பதிவுதான் சாட்சி.

பயணத்துக்குத் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தலாம், முழுக்க அவிழ்க்கக் கூடாது. தந்தியின் அழுத்தத்தில்தான் குதிரை (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) நிற்கிறது. அவிழ்த்தால் சாய்ந்துவிடும், பழைய இடம் தவறினால் நாதமே மாறிவிடும். தண்டின் அடியில் இருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணி சுற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் சுருதியையும் எழுதுங்கள். இப்போது மூன்று கட்டை என்ற சுருதி அளவில் நிற்கிறது என்றால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பழைய மரம் கூடுதல் இழுப்பைத் தாங்காது. விரிசல் தெரிந்தால் பசை எதுவும் தடவாமல் உடனே உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். காப்புறுதி கோயில் படியிலிருந்து கிளம்பி மறுபடி அதே படிக்கு வரும்வரை, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு இருக்கட்டும். பிரீமியத்தை இரவல் வாங்குபவர் கட்டுவதே நியாயம்.

வீணையில் உள்ள வெள்ளை வேலைப்பாடு தந்தமாக இருக்கலாம். ஆசிய யானைத் தந்தம் 1975 முதல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் உள்ளது. சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோகிறார் என்றால், முதலில் பெர்ஹிலித்தானிடம் (மலேசிய வனவிலங்குத் துறை) அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

கச்சேரிக்கு முந்தின நாள் கொடுக்காதீர்கள். கை பழக இரண்டு வாரமாவது வேண்டும்.