ஃப்ளையிங் கிளப்புக்கு எந்த விமானம்? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நண்பர்கள் சேர்ந்து கிளப் ஆரம்பிக்கிறோம். செஸ்னா 172-இல் நாலு சீட் இருக்கிறதே, குடும்பத்தோடு புதுச்சேரி போய் வரலாமா? (காட்பாடி)

சீட்டை எண்ணாதீர்கள், எடையைக் கூட்டுங்கள். 172எஸ் ரகத்தின் உச்ச எடை 1,157 கிலோ. கருவிகளோடு காலி விமானமே 760, 770 கிலோ வந்துவிடும். மிச்சம் 390 கிலோ சொச்சம். டேங்கை நிரப்பினால் சுமார் 200 லிட்டர் அவ்கேஸ் (சிறு விமானங்களுக்கான பெட்ரோல்), லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ அதிலேயே போச்சு. மீதியில் மூணு பெரியவர்களும் இரண்டு பையும்தான் அடங்கும்.

புதுச்சேரி நேர்கோட்டில் 130 கி.மீ. அளவுதான், முக்கால் மணி நேரப் பயணம். பாதி டேங்குக்குச் சற்று மேலே ஊற்றினால் போகவர ஆகும், கையிருப்பும் இருக்கும். நாலாவது ஆளையும் ஏற்றலாம். ஆனால் அப்போதும் விமானம் உச்ச எடையில்தான் நிற்கும். அதன் பலனை அடுத்த பதிலில் பாருங்கள்.

வேலூர் விமான நிலையமான அப்துல்லாபுரத்தின் ரன்வே இந்த மாதிரி விமானத்துக்குப் போதுமா? (சத்துவாச்சாரி)

அங்கே கிளப்புக்கு இடமும் அனுமதியும் கிடைப்பது தனிக் கதை. நீளத்தை மட்டும் பேசுவோம். சுமார் 850 மீட்டர். டிசம்பர் காலையில் தாராளம். மே மாத மதியத்தில் கதை வேறு.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 42 டிகிரியில் காற்று மெலிந்துபோகும். தரை மட்டம் 700 அடிதான் என்றாலும், விமானத்துக்கு அது 4,000 அடிக்கு மேல் என்றுதான் கணக்கு. ஏலகிரி மேலே ரன்வே போட்டுக் கிளம்புகிற மாதிரி. என்ஜின் சக்தி குறையும், புரொப்பல்லர் பிடிக்கிற காற்று குறையும், இறக்கை தூக்குவதற்கு அதிக வேகம் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில்.

இந்தச் சூட்டில் உச்ச எடையோடு கிளம்பி 50 அடி உயரத் தடையைத் தாண்ட, 172எஸ்-க்குக் கையேட்டுக் கணக்கிலேயே 600 மீட்டருக்கு மேல் வேண்டும். அது புது விமானத்தை, தேர்ந்த விமானி ஓட்டிய கணக்கு. விவரமானவர்கள் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வார்கள். கூட்டிப் பாருங்கள், ரன்வே அத்தோடு தீர்ந்துவிடும். அதன்பின் பின்காற்று லேசாக அடித்தாலும் நீங்கள் கடன்காரர்தான். எனவே மார்ச் முதல் ஜூன் வரை வெயில் ஏறிய பிறகு இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று கிளப் விதியிலேயே எழுதிவையுங்கள். விமானம் வாங்குவதற்கு முன்பே எழுதுங்கள். வாங்கியபின் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

டீசல் என்ஜின் டயமண்ட் டிஏ40 லாபமா? (ராணிப்பேட்டை)

எரிபொருளைப் பார்த்தால் ஆம். டிஏ40 என்ஜி ரகத்தின் டீசல் என்ஜின் குடிப்பது ஜெட் ஏ-1, அதாவது பெரிய ஜெட் விமானங்களின் எரிபொருள். அது பயணிகள் விமானம் வந்துபோகிற ஊரிலெல்லாம் இருக்கும். அவ்கேஸ் அப்படியில்லை. 2022-இல் வதோதராவிலுள்ள இந்தியன் ஆயில் ஆலை தயாரிக்கத் தொடங்கும்வரை நாம் அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். இன்றும் நினைத்த ஊரில் கிடைக்காது. காற்றை அழுத்தி என்ஜினுக்கு ஊட்டும் டர்போ இருப்பதால் வெயிலில் டயமண்டின் என்ஜின் சக்தியும் அவ்வளவாக விழாது.

மறுபக்கம், விலை அதிகம். கண்ட பட்டறையில் கை வைக்கவும் முடியாது. உடம்பு உலோகமல்ல, நார்க் கலவை. அது சூடேறக் கூடாது என்றுதான் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஹாங்கர் (விமானக் கொட்டகை) கட்டக் காசில்லாத கிளப் இதை நினைக்கவே வேண்டாம்.

பங்க் பெட்ரோல் ஊற்றி ஓட்டலாமா? (ஆம்பூர்)

கூடாது. இங்கே விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 172-க்கு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அனுமதியே இல்லை. டெக்னாம் போன்ற சிறு விமானங்களிலுள்ள ரோடாக்ஸ் 912 என்ஜினுக்குக்கூடத் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வது 10 சதவீதம் வரைதான்.

பழைய 172 ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்? (குடியாத்தம்)

பெயிண்டைப் பார்க்காதீர்கள். கால் மிதிகளுக்கு அடியில் குனிந்து டார்ச் அடியுங்கள். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகடு சுருக்கம் விழுந்திருந்தால், மாணவர்கள் முன்சக்கரத்தைத் தரையில் குத்தி இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரிவெட் தலைகளைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்திருந்தால் ரிவெட் ஆடுகிறது.

“பத்து வருஷத்தில் 300 மணி நேரம்தான் ஓடியது” என்று பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் ஆபத்து. 172-இல் இருக்கும் லைகமிங் என்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டு மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்கும். ஓவர்ஹாலுக்கு (என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முந்தியதோ அது என்பது தயாரிப்பாளர் கணக்கு. வாரம் நாலு நாள் பறந்த 1,200 மணி என்ஜினையே நான் எடுப்பேன். விற்பவரோடு சம்பந்தமில்லாத எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

இறக்கை மேலே இருப்பது நல்லதா, கீழே இருப்பதா? (திருப்பத்தூர்)

இந்தச் சண்டை தீராது. நம் ஊர் வெயிலுக்கு, 172 போல இறக்கை மேலே இருப்பதே என் கட்சி: நிழல் கிடைக்கும், இரண்டு பக்கமும் கதவு. இறக்கை கீழே இருக்கும் பைப்பர் ஆர்ச்சரில் ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். தவிர, அதில் இடது டேங்க், வலது டேங்க் என்று விமானிதான் மாற்றிக்கொண்டே வர வேண்டும். 172-இல் இரண்டையும் சேர்த்தே திறந்துவிடலாம்.

சென்னைப் பக்கம் சும்மா ஒரு சுற்று போய் வரலாமா? (அரக்கோணம்)

உங்கள் ஊரிலேயே கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறதே! சும்மா போக முடியாது. எந்தத் திசையில் போனாலும் ஃப்ளைட் பிளான் போட்டு, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். விமானத்தின் உயரத்தைத் தரையிலுள்ள ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி இல்லாத விமானம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.